வேலை மனுவைப் படிக்கும் ஏ.ஐ. ஏஜெண்டு: அதற்குக் குறிப்பு எழுதுவது யார்?

வேலைக்கு மனுப் போட்டால் ஓர் அதிகாரி படிப்பார், பிடித்தால் கூப்பிடுவார், பிடிக்காவிட்டால் கூடையில் போடுவார் என்று இருந்த காலம் வேகமாக மாறி வருகிறது. பெரிய கம்பெனிகள் பலவற்றில் இன்று மனுவை முதலில் பார்ப்பது கம்ப்யூட்டர். அடுத்த கட்டமாக, 'ஏ.ஐ. ஏஜெண்டு' என்ற பெயரில் ஒரு புதிய குமாஸ்தா அந்த நாற்காலியில் உட்காரத் தொடங்கியிருக்கிறது.

இது துபாய்க்கும் குவைத்துக்கும் ஆள் அனுப்பும் ஏஜெண்டு அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், கொடுத்த வேலையைப் படிப்படியாகத் தானே செய்து முடிக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடு. "செம்பூர் பக்கம் வசிக்கும், மூன்று ஆண்டு அனுபவமுள்ள கணக்கர்கள் பத்துப் பேரைத் தேடி எடு, நேர்முகத்துக்கு நாள் குறித்துக் கடிதம் அனுப்பு" என்று மேலாளர் சொன்னால், மனுக்கள் அடங்கிய களஞ்சியத்தைத் திறப்பது, ஆட்களைப் பொறுக்குவது, கடிதம் அனுப்புவது எல்லாவற்றையும் அதுவே செய்யும்.

செம்பூர், மாட்டுங்கா, தாராவித் தமிழர்களுக்கு இதில் என்ன அக்கறை? நிறைய உண்டு. அந்தப் பத்துப் பேரில் தங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர் வருமா, வராதா என்பதே அது. அதைத் தீர்மானிப்பதில் பிள்ளையின் தகுதிக்கு அடுத்தபடி பெரிய பங்கு, எங்கோ ஒருவர் எழுதி வைக்கும் நாலு வரிக் குறிப்புக்கு இருக்கிறது.

குறிப்பைப் பார்த்தே வேலை

ஏஜெண்டுக்குக் கம்பெனியின் பதிவேடுகள் நேராகத் தெரியாது. சாப்ட்வேர் கருவிகள் மூலமாகத்தான் அது அவற்றைத் தொட முடியும். 'மனுதாரரைத் தேடு' என்று ஒரு கருவி, 'மனுவின் நிலையை மாற்று' என்று இன்னொன்று, 'கடிதம் அனுப்பு' என்று மற்றொன்று. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று ஒரு விளக்கம், அதற்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வைக்கப்படுகிறது. எந்தக் கருவியை, எப்போது, எப்படி எடுப்பது என்பதை ஏஜெண்டு இந்த எழுத்தைப் படித்தே முடிவு செய்கிறது.

இப்படிக் கருவிகளை ஏஜெண்டுகளுக்கு அறிமுகப்படுத்த ஒரு பொது முறையை அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்பது அதன் பெயர். போட்டி நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. ஆளெடுப்புச் சாப்ட்வேர் தயாரிப்பவர்களும் தங்கள் கருவிகளுக்கு இந்த முறைப்படி விளக்கம் எழுதி வருகிறார்கள்.

ஆபீஸ் வழக்கில் சொன்னால் விஷயம் எளிது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தா திங்கட்கிழமை காலை வருகிறார். சூப்பரின்டெண்டு லீவு. பக்கத்து மேஜைக்காரரைக் கேட்கவும் வழியில்லை. பீரோக்களின் மேல் ஒட்டிய காகிதத்தில் எழுதியிருப்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். 'பழைய பைல்' என்று எழுதிய பீரோவில் நடப்பு ஆண்டுக் கோப்பும் கிடந்தால் அவர் அதைத் திறக்கவே மாட்டார். ஏஜெண்டின் நிலையும் இதுதான். ஒரு வித்தியாசம்: குமாஸ்தாவுக்குச் சந்தேகம் வந்தால் தலையைச் சொறிவார், ஏஜெண்டோ பல சமயம் சந்தேகமே படாமல் வேலையை முடித்துவிடும்.

எங்கே தவறுகிறது?

தேடும் கருவி ஒரு தடவைக்கு 50 பெயர்களை மட்டுமே தரும் என்று வைத்துக்கொள்வோம். மனுப் போட்டவர்கள் 3,000 பேர். 'மீதியைப் பார்க்க மறுபடி கேட்க வேண்டும்' என்ற ஒரு வரி விளக்கத்தில் இல்லை என்றால், வந்தவர்களே 50 பேர்தான் என்று ஏஜெண்டு நினைத்துக்கொள்ளக்கூடும். மீதி 2,950 பேரும் நிராகரிக்கப்படவில்லை. அவர்கள் மனுவை யாரும் பார்க்கவே இல்லை.

'சம்பளம் 4.5' என்று ஒரு கட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் அது ஆண்டுக்கு நாலரை லட்சம். விளக்கத்தில் அது இல்லாவிட்டால் யந்திரம் எதை நினைக்கும்? '03/04/2025' என்பது ஏப்ரல் 3-ந் தேதியா, அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4-ந் தேதியா? 'அனுபவம் 18' என்பது வருடமா, மாதமா? ஒரு கட்டம் காலியாக இருந்தால் 'இல்லை' என்று பொருளா, 'கேட்கவில்லை' என்று பொருளா? இவை எல்லாம் குறிப்பு எழுதுகிறவர் தீர்த்து வைக்க வேண்டிய கேள்விகள்.

இவை எல்லாருக்கும் பொதுவான சிக்கல்கள். மும்பைத் தமிழர்களுக்கென்று தனியாகவும் சில உண்டு.

சர்நேம் என்ன?

மராட்டியர் வழக்கத்தில் தன் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று. மும்பையின் பாரங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் அச்சானவை. தமிழருக்கோ தன் பெயரும் ஓர் இனிஷியலும்தான். சண்முகம் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் எஸ்.முருகன். ஆதாரில் முருகன் எஸ். பாஸ்போர்ட்டில் முருகன் சண்முகம். பான் அட்டைக்கு மனுச் செய்யும்போது இனிஷியல் செல்லாது. தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிரப்ப வேண்டியதாகிறது. தனிநபரின் பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து என்பதால், முருகனின் எண்ணில் தகப்பனார் சண்முகத்தின் எழுத்தே நிற்கிறது.

இவை நாலும் ஒரே ஆள் என்பது மாட்டுங்காவில் யாருக்கும் தெரியும். யந்திரத்துக்கு யாராவது எழுதி வைத்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் 'சர்நேம் பொருந்தவில்லை, சான்றிதழ் சந்தேகத்துக்குரியது' என்று குறி விழும். அல்லது, சண்முகம் என்ற ஒரே சர்நேம் உள்ள இரண்டு பேர் உறவினர் என்று தப்புக் கணக்குப் போடும்.

ஒரு வரி விளக்கம் என்ன மாற்றம் செய்யும் என்பதற்குப் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பயணத்துக்குத் தயாராக இருந்த பல தென்னிந்தியக் குடும்பங்கள் திகைத்தன. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. சட்டம் மாறவில்லை, பெயரை எப்படிப் படிப்பது என்ற குறிப்புதான் மாறியது.

பம்பாய்-71

அடுத்தது ஊர்ப் பெயர். 1995-ல் பம்பாய், மும்பை ஆயிற்று. மறு ஆண்டு பம்பாய் பல்கலைக்கழகம், மும்பை பல்கலைக்கழகம் ஆயிற்று. அதற்கு முன் பட்டம் வாங்கியவர்கள், சர்வீஸ் சர்டிபிகேட் வாங்கியவர்கள் கையில் பழைய பெயர்தான் இருக்கிறது. செம்பூர்வாசிகளின் பழைய காகிதங்களில் 'பம்பாய்-71' என்று இருக்கும். அதுதான் இன்றைய 400071. தாராவியின் 'பம்பாய்-17', இன்று 400017.

படிப்பும் அப்படியே. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் 2 வருவதற்கு முன் 11-வது வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி., அதன்மேல் பி.யூ.சி. மராட்டியத்தில் எஸ்.எஸ்.சி., எச்.எஸ்.சி. பழைய பி.யூ.சி.க்காரர் மனுப் போட்டால், '12-வது தேறியவரா?' என்ற கட்டத்தில் கருவி என்ன பதில் சொல்லும்? இணையான படிப்புகளின் பட்டியல் குறிப்பில் இருந்தால் 'ஆம்'. இல்லாவிட்டால் அறுபது வயதைத் தாண்டியவரின் மனு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

தொழிலாளர் நிலையும் இதே. அமைப்பு சாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 30 கோடிக்கு மேற்பட்டோர் அதில் பதிவு செய்திருக்கிறார்கள். 2015-ல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தோடும் அது இணைக்கப்பட்டிருக்கிறது. தொழிலைக் குறிக்க, 2015-ம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் எட்டு இலக்க எண்கள் இருக்கின்றன. பத்து வருடம் வெல்டிங் செய்தவர் பதிவின்போது அவசரத்தில் 'ஹெல்பர்' என்று எழுதியிருந்தால், வெல்டரைத் தேடும் எந்தக் கருவிக்கும் அவர் அகப்பட மாட்டார். கருவியின் குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பதிவில் இல்லாததை அது காட்ட முடியாது.

பட்டியலின் பழைய கதை

ஆளெடுப்புப் பட்டியல் என்ற சொல் இந்த ஊர்த் தமிழருக்குப் புதிதல்ல. 1960-களில் 'மார்மிக்' வார இதழ், நகரத்துக் கம்பெனிகளில் பெரிய பதவிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு வந்தது. 1966-ல் சிவசேனை பிறந்தது. அந்த நாட்களை அனுபவித்தவர்கள் இன்றும் செம்பூரில் இருக்கிறார்கள். அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டது. மராட்டியரும் தமிழரும் ஒரே கட்டடத்தில், ஒரே ஆபீசில், ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள்.

பழைய காயத்தைக் கிளற இது சொல்லப்படவில்லை. ஒரு பெயரைப் பார்த்தே ஊரையும் மொழியையும் சாதியையும் ஊகிக்க முடிகிற நாடு இது. மனிதன் ஊகிப்பதை யந்திரமும் ஊகிக்கும். அதனால் 'பெயர், பிறந்த ஊர், தாய்மொழி ஆகியவற்றை வைத்து ஆளைத் தரம் பிரிக்கக் கூடாது' என்பதைக் கருவியின் குறிப்பிலேயே எழுத வேண்டும். அதோடு, தேர்வு முடியும்வரை அந்த விவரங்களை ஏஜெண்டின் கண்ணில் காட்டாமல் இருப்பது அதைவிட நல்லது. எழுதிய விதியை ஏஜெண்டு மறக்கலாம். காட்டாத விவரத்தை அது பயன்படுத்த முடியாது.

வெளிநாட்டில் நடந்தவை

இவை வெறும் கற்பனைப் பயங்கள் அல்ல. அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிய ஒரு மனுத் தேர்வு யந்திரம் பெண்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டது என்று 2018 அக்டோபரில் ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. பழைய ஆண்டுகளில் வந்த மனுக்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதைப் பார்த்தே யந்திரம் பாடம் படித்திருந்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அமெரிக்காவில் ஒர்க்டே என்ற ஆளெடுப்புச் சாப்ட்வேர் நிறுவனத்தின் மீது 2023-ல் ஒருவர் வழக்குப் போட்டார். நூற்றுக்கு மேற்பட்ட வேலைகளுக்கு மனுப் போட்டும் தாம் ஒதுக்கப்பட்டதாக அவர் சொல்கிறார். 40 வயதைத் தாண்டிய மற்றவர்களும் வயதுப் பாகுபாடு பற்றிய வழக்கில் சேரலாம் என்று 2025 மே மாதம் நீதிமன்றம் அனுமதித்தது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுக்கிறது.

2025-ல் மெக்டொனால்டு ஓட்டல்களுக்கு ஆள் எடுக்கும் ஏ.ஐ. ஏற்பாடு சிரிப்பாய்ச் சிரித்தது. அதன் நிர்வாகக் கணக்கு ஒன்றுக்கு '123456' என்பதே கடவுச்சொல்லாக இருந்ததை இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வழியாகச் சுமார் 6 கோடியே 40 லட்சம் விண்ணப்பப் பதிவுகளை எட்ட முடிந்திருக்கும். ஓட்டைகள் உடனே அடைக்கப்பட்டன. மனுக்கள் அடங்கிய பீரோவுக்குப் பல கதவு வைத்தால் பல பூட்டும் வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

ஏஜெண்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கருவியும் ஒரு கதவுதான். கருவி படிக்க மட்டும் பயன்படுவதா, பதிவை மாற்றவோ அழிக்கவோ செய்யுமா என்று குறிக்க மேற்சொன்ன பொது முறையில் இடம் உண்டு. ஆனால் அந்தக் குறிப்பே பூட்டாகிவிடாது. 'நிராகரிப்புக் கடிதம் அனுப்பு' என்ற கருவி ஒரு மனிதர் கையெழுத்தில்லாமல் இயங்கக் கூடாது என்பதைச் சாப்ட்வேரே தடுத்து நிறுத்த வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், ஆளெடுப்புக்குத் தானியங்கிக் கருவியைப் பயன்படுத்தும் கம்பெனி அதைப் பாரபட்சத் தணிக்கைக்கு உட்படுத்தி, மனுதாரருக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய யூனியனின் ஏ.ஐ. சட்டம் 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அதன் விதிகள் கட்டம் கட்டமாகப் பொருந்தும். ஆளெடுப்பை 'அதிக அபாயம்' உள்ள துறையாக அது வகைப்படுத்துகிறது. அத்தகைய ஏற்பாடுகளுக்கு விளக்க ஆவணமும் பயன்பாட்டுக் குறிப்பும் கட்டாயம் என்கிறது. ஆக, குறிப்பு எழுதுவது இனி சௌகரியத்துக்காக மட்டும் அல்ல; அங்கே சட்டக் கடமையும் ஆகிறது.

இந்தியாவில் ஆளெடுப்பு ஏ.ஐ.க்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகும். சம்மதம் கேட்கும் நோட்டீசை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அந்த 22-ல் ஒன்று. சம்மதத்தின் பேரில் தன் விவரத்தைக் கொடுத்தவர் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும், தேவை முடிந்தபின் அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

குமாஸ்தா வேலை போகுமா?

செம்பூர்த் தமிழர் வரலாறே ஒருவகையில் குமாஸ்தா வரலாறுதான். 1950-களில் டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வந்தன. பின்னால் உரத் தொழிற்சாலை வந்தது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறி வந்தவர்கள் அங்கும் கோட்டைப் பகுதி ஆபீஸ்களிலும் பைல்களைக் கட்டிக் காத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள்.

2025 ஜூலையில் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரை, அதாவது ஊழியரில் நூற்றுக்கு 2 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அந்த வீடுகளில் கலக்கம் ஏற்பட்டது இயல்பு. ஏ.ஐ. காரணமல்ல, திறன் பொருந்தாததே காரணம் என்று நிர்வாகம் சொன்னது. காரணம் எதுவானாலும், மனுக்களை எண்ணி அடுக்குவது, பட்டியல் தட்டச்சு செய்வது போன்ற வேலைகள் குறையும் என்பதை மறைத்துப் பயனில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கருவிக்கு நல்ல குறிப்பு எழுத வேண்டுமானால் பதிவேட்டின் உள்விவகாரம் தெரிந்தவர் வேண்டும். எந்தக் கட்டத்தை எல்லோரும் காலியாக விடுகிறார்கள், எந்தத் தேதியை நம்ப முடியாது, 'நிறுத்தி வை' என்ற முத்திரைக்கு உண்மையில் என்ன பொருள் என்பவை சாப்ட்வேர் எழுதும் இளைஞருக்குத் தெரியாது. இருபது வருடம் பெர்சனல் டிபார்ட்மென்டில் இருந்த தலைமைக் குமாஸ்தாவுக்குத் தெரியும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுவது அவருக்குக் கைவந்த கலை.

கம்பெனிகள் இதைத் தாமாகவே உணர்ந்துவிடும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஊழியர் சங்கங்கள் கேட்கலாம்: ஆளெடுப்புக் கருவிகளின் குறிப்பை எழுதும் குழுவில் அந்தப் பதிவேடுகளைக் கையாண்ட ஊழியர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று. சம்பள உயர்வைப் போல இதுவும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான்.

செய்ய வேண்டியவை

வேலை தேடுகிறவர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. பெயர் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே மாதிரி இருக்கும்படி இப்போதே திருத்திக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால், எந்தச் சான்றிதழில் எப்படி இருக்கிறது என்று பயோடேட்டாவில் ஒரு வரி எழுதலாம். 'பம்பாய்' என்று உள்ள இடத்தில் 'மும்பை' என்றும் சேர்க்கலாம். பி.யூ.சி. என்றால் இணையான படிப்பையும் குறிப்பிடலாம். சம்பளத்தை 'ஆண்டுக்கு இத்தனை ரூபாய்' என்று முழு எண்ணில் எழுதலாம். ஏப்ரல், மே என்று மாதத்தை எழுத்தில் போட்டால் தேதிக் குழப்பம் வராது. தொழிலாளர்கள் இ-ஷ்ரம் பதிவில் தங்கள் தொழில் சரியாக உள்ளதா என்று பார்த்துத் திருத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் 'இவரையே தேர்ந்தெடு' என்று பயோடேட்டாவுக்குள் யந்திரத்துக்கு உத்தரவு எழுதி வைக்கும் தந்திரம் உலகெங்கும் பரவியிருக்கிறது. அகப்பட்டால் மனு போவதோடு பெயரும் கெடும்.

அழைப்பு வராவிட்டால், 'மனுவை மனிதர் யாராவது பார்த்தாரா?' என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதில் வராமல் போகலாம். ஆயிரம் பேர் கேட்டால், ஏஜெண்டின் குறிப்பில் ஒரு புது வரி ஏறும்: 'நிராகரிப்பதற்கு முன் அதிகாரியிடம் காட்டு.' அந்த வரி ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது மனுதாரரின் உரிமை.